உடைந்தால் எங்கே போய் விழும்? ஜன்னலுக்கு பிலிமா, டெம்பர்டா, லேமினேட்டடா?

கோலாலம்பூர் செந்தூலில் கண்ணாடி, அலுமினிய வேலை எடுத்துச் செய்கிறேன். 2025 ஏப்ரல் 1-க்குப் பிறகு ஒரு மாதம் வரை வந்த போன் எல்லாம் ஒரே ரகம். அன்று ஹரி ராயாவின் இரண்டாம் நாள். புத்ரா ஹைட்ஸில் எரிவாயுக் குழாய் வெடித்து எழுந்த தீயை, பசியாற உட்கார்ந்த எல்லாரும் கைப்பேசியில் பார்த்துவிட்டார்கள். "அண்ணே, எங்க தாமான் (குடியிருப்பு) பின்னாலயும் கேஸ் பைப் போகுது. ஜன்னலுக்கு எந்தக் கண்ணாடி ஸ்ட்ராங்?"

போன வாரம் அதே கேள்வியைச் சுங்கை பூலோவில் ஓர் அக்கா கேட்டார். அவருக்கு இதில் பழைய கணக்கு ஒன்று உண்டு. 1991 மே 7 அன்று அங்கே பட்டாசுத் தொழிற்சாலை வெடித்து 26 பேர் இறந்தார்களே, அப்போது அவருக்குப் பத்து வயது. முதல் சத்தம் கேட்டதும் என்னவென்று பார்க்க ஜன்னலுக்கு ஓடியிருக்கிறார். அடுத்த சத்தத்தில் கண்ணாடி புருவத்தில் இறங்கிவிட்டது. அந்த இடத்தில் இன்றைக்கும் முடி முளைக்கவில்லை, வெள்ளையாக ஒரு கோடு மட்டும்.

"இந்தத் தடவை ஸ்ட்ராங்கா ஒண்ணு போடு தம்பி" என்றார். நான் டேப்பை எடுத்து அளக்கத் தொடங்குமுன் படுக்கை எங்கே கிடக்கிறது என்று பார்த்தேன். ஜன்னலுக்கு நேர் கீழே. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

வெடிப்பின் விளைவை ஆராயும் பொறியாளர்கள் கண்ணாடியை நம்புவதில்லை. அது உடையத்தான் போகிறது என்று வைத்துக்கொண்டு, உடைந்த துண்டு எங்கே போகிறது என்று பார்க்கிறார்கள். பரிசோதனைக்கு மூன்று மீட்டர் ஆழத்தில் ஓர் அறை கட்டி, முன்பக்கம் ஜன்னலைப் பொருத்தி, பின்சுவரில் மெத்தென்ற பலகை ஒன்றை நிறுத்துவார்கள். வெளியே வெடிக்க வைத்த பிறகு உள்ளே போய், தரையில் எத்தனை தூரம் துண்டு சிதறியிருக்கிறது, பலகையில் எந்த உயரத்தில் குத்தியிருக்கிறது என்று அளப்பார்கள். அமெரிக்க அரசுக் கட்டடங்களுக்கான கணக்கில் தரையிலிருந்து 60 செ.மீ. உயரம் ஒரு கோடு. அதற்கு மேல் துண்டு குத்தியிருந்தால் அந்த ஜன்னலுக்குக் கடைசி மதிப்பெண்தான்.

அழுத்தக் கணக்கு கொஞ்சம்

பெட்ரோல் நிலையத்தில் டயருக்குக் காற்றடிக்கும்போது 220 என்று வைக்கிறோமே, அது கிலோபாஸ்கல். சாதாரண ஜன்னல் கண்ணாடி உடைவதற்குப் பொதுவாக 3.5 முதல் 7 கிலோபாஸ்கல் போதும். காதுச் சவ்வு கிழியத் தொடங்குவதே 35 வாக்கில்தான். ஆகவே உடம்பை ஒன்றும் செய்யமுடியாத தூரத்திலும் வெடிப்பில் எழும் காற்றலை கண்ணாடியை உடைத்துவிடும், அந்தக் கண்ணாடி உடம்பைக் கிழிக்கும்.

7 கிலோபாஸ்கல் சின்ன எண் போலத் தெரியும். 1.2 மீட்டருக்கு 1.2 மீட்டர் ஜன்னலில் பெருக்கிப் பாருங்கள், ஒரு டன் வருகிறது. கண் சிமிட்டுவதற்குள் அந்த ஒரு டன் தள்ளிவிட்டுப் போய்விடும். அதன் பின்னாலேயே எதிர்ப்பக்கமாக ஓர் இழுப்பு வரும். அதனால்தான் கடைவீடுகளில் பாதிக் கண்ணாடி அறைக்குள்ளும் மீதி அஞ்சடியிலும் (கடை முன் நடைபாதை) கிடக்கும்.

இன்னொரு விஷயம், வெளிச்சம் முந்திக்கொள்ளும். ஒரு கிலோமீட்டர் தள்ளி வெடித்தால் காற்றலை வர ஏறக்குறைய மூன்று வினாடி ஆகும். மனிதன் ஜன்னலுக்கு ஓட அந்த மூன்று வினாடி தாராளம். 1917 டிசம்பர் 6 அன்று கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் எரிவதை வீட்டு ஜன்னல்களிலிருந்து வேடிக்கை பார்த்தவர்கள் ஆயிரக்கணக்கில் கண்ணில் அடிபட்டார்கள். 2013 பிப்ரவரி 15-இல் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே விண்கல் வெடித்தபோது, வெளிச்சம் தெரிந்து இரண்டு நிமிடத்துக்கும் மேல் கழித்துத்தான் காற்றலை வந்தது. மருத்துவ உதவி தேடிய சுமார் 1,500 பேரில் பெரும்பாலோருக்குக் கண்ணாடிக் காயம். 2020 ஆகஸ்ட் 4-இல் பெய்ரூட்டிலும் புகையைப் படம் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றவர்கள் ஏராளம்.

எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது

முதலில், மேலே சொன்னதுதான்: உடைந்த துண்டு எங்கே போகிறது. இரண்டாவது, ஜன்னல் சட்டமும் (பிரேம்) ஸ்க்ரூவும் அதைப் பிடித்துக்கொள்ளுமா. மூன்றாவது, தீ பிடித்தால் அந்த ஜன்னல் வழியாக வெளியேற முடியுமா. பணம் நாலாவது. போடும் நாள் செலவை மட்டும் பார்க்கக்கூடாது, பத்து வருடம் கழித்து வரும் செலவும் சேர்த்தி. கடைசியாக, வெடிப்பே நடக்காத மற்ற எல்லா நாட்களிலும் அது என்ன தரும்: வெயில், சத்தம், திருடன்.

ஒன்றை மட்டும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். புத்ரா ஹைட்ஸ் போன்ற பெருந்தீயின் அனலுக்குக் கீழே சொல்லும் நாலுமே மருந்தாகாது. இது காற்றலைக்கும் சிதறலுக்கும் மட்டும்.

1. இருக்கும் கண்ணாடியில் பாதுகாப்பு பிலிம்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். காருக்கு டிண்ட் ஒட்டுகிறவர் வீட்டுக்கும் ஒட்டித் தருவதாகச் சொல்வது வெயில் பிலிம். அது மெல்லியது. சிதறலைத் தடுக்க 100 மைக்ரானிலிருந்து (0.1 மிமீ) தொடங்க வேண்டும். 175, 200, 300 என்று மேலே போகலாம். ஒட்டும் பசையும் வேறு.

பிலிமின் பெரிய வசதி, ஜன்னலைக் கழற்ற வேண்டாம். சோப்புத் தண்ணீர் தெளித்து, ஒட்டி, ரப்பர் துடைப்பால் தண்ணீரை வழித்து எடுத்தால் ஓர் அறை அரை நாளில் முடியும். தடித்த பிலிம் நன்றாகப் பிடிக்க வாரக்கணக்கில் ஆகும். அதுவரை உள்ளே மங்கலாகப் பனி படிந்த மாதிரி தெரிந்தால் பயப்பட வேண்டாம், தண்ணீர்தான் காய்ந்துகொண்டிருக்கிறது.

வம்பு ஓரத்தில் இருக்கிறது. சாதாரணமாக ஒட்டும்போது பிலிம் சட்டத்தைத் தொடாமல் இரண்டு மூன்று மிமீ முன்னாலேயே நின்றுவிடும். அலை வந்தால் கண்ணாடி உடையும், துண்டெல்லாம் பிலிமில் ஒட்டிக்கொள்ளும், பிறகு மொத்தமும் ஒரே கனத்த போர்வையாக அறைக்குள் பறந்து வரும். கத்தி மாதிரித் துண்டுகள் சிதறுவதைவிட இது எவ்வளவோ மேல்தான். ஆனாலும் மேலே சொன்ன 1.2 மீட்டர் ஜன்னலுக்கே பதினெட்டு கிலோ போர்வை. அதைத் தடுக்க, பிலிம் ஓரத்தையும் சட்டத்தையும் சேர்த்து நாலு பக்கமும் கட்டுமான சிலிக்கான் என்ற ஒட்டுப்பசை போட வேண்டும். பிலிம் விலையை மட்டும் சொல்லிவிட்டு இந்த வேலையை எஸ்டிமேட்டில் காட்டாதவர்கள் நிறைய. கேட்டு வாங்குங்கள்.

பிலிமுக்கு ஆயுள் பத்து வருடம் வாக்கில். மேற்கு வெயில் படும் ஜன்னலில் அதற்கு முன்பே ஓரம் எழும்பும். பழையதை உரித்து எடுக்கும் கூலி புதிதாக ஒட்டும் கூலிக்குச் சளைத்ததல்ல. கருமையான வெயில் பிலிமைத் தடித்த கண்ணாடியிலோ கம்பி பதித்த கண்ணாடியிலோ ஒட்டினால், கண்ணாடி சூட்டை உறிஞ்சித் தானாகவே விரிசல் விடும், அதையும் கவனியுங்கள்.

நாக்கோ ஜன்னல் (கண்ணாடிப் பலகைகளை வரிசையாக அடுக்கித் திறந்து மூடும் ரகம்) வைத்திருப்பவர்கள் பிலிமுக்குச் செலவு செய்யாதீர்கள். ஒவ்வொரு பலகைக்கும் ஒட்டினாலும், பலகையைப் பிடித்திருப்பது இரண்டு பக்கமும் தகரக் கிளிப்தான். பலகை முழுசாகப் பறந்து வரும்.

2. டெம்பர்ட்

கண்ணாடியை 600 டிகிரிக்கு மேல் சூடேற்றி, காற்றைப் பீய்ச்சி மேற்பரப்பைச் சட்டென்று குளிர்விப்பார்கள். மேல்தோல் இறுகி உள்ளே இழுபறி நிற்கும். அதனால் சாதாரணக் கண்ணாடியைவிட நாலு மடங்கு, அதற்கு மேலும் தாங்கும். உடைந்தால் கற்கண்டு மாதிரி உதிரும். குளியலறைக்கும் கடைக் கதவுக்கும் இதைத்தான் போடுகிறேன்.

வெடிப்பு என்று வரும்போது இதன் கணக்கு மாறிவிடும். தூரத்து வெடிப்பின் சின்ன அழுத்தத்தில் உடையாமல் நிற்கும் என்பது உண்மை. உடைந்துவிட்டாலோ, பிடித்துக்கொள்ள ஒன்றுமே கிடையாது. கற்கண்டு தானாக உதிரும்போதுதான் கற்கண்டு, ஒரு டன் விசை தள்ளினால் கூழாங்கல். பல துண்டுகள் கட்டியாகச் சேர்ந்தும் வரும். மேல் பிலிம் ஒட்டினாலும், உடைந்த டெம்பர்ட் ஈரத்துணி மாதிரித் துவண்டு சட்டத்திலிருந்து நழுவிவிடும்.

மறைமுகச் செலவு இதில் வேறு மாதிரி. டெம்பர் செய்த பிறகு வெட்டவோ துளையிடவோ முடியாது, அளவு தப்பினால் புதுசுதான். அப்புறம் நிக்கல் சல்பைடு. உருகும்போது உள்ளே சேர்ந்துவிட்ட கண்ணுக்குத் தெரியாத அந்தத் துகள், வருடங்கள் கழித்து மெல்லப் பெருத்துக் கண்ணாடியைத் தானாகவே உடைத்துவிடும். நான் பொருத்திய ஸ்லைடிங் கதவு ஒன்று நாலு வருடம் கழித்து ராத்திரி இரண்டு மணிக்கு உடைந்தது. வீட்டுக்காரர் திருடன் என்று நினைத்து விறகுக் கட்டையோடு இறங்கி வந்திருக்கிறார். தொழிற்சாலையிலேயே மறுபடி சூடேற்றிச் சோதித்த கண்ணாடியாகக் கேட்டு வாங்கியிருந்தால் அந்த வாய்ப்பு நிறையக் குறைந்திருக்கும். காசு மிச்சம் பிடித்தது நான்தான்.

3. லேமினேட்டட்

என் கடை மேசையில் ஓர் அடிக்கு ஓர் அடி லேமினேட்டட் துண்டு கிடக்கிறது. வருகிறவர்கள் கையில் சுத்தியலைக் கொடுத்து அடிக்கச் சொல்வேன். ஆறேழு வருடமாக அடி வாங்கி, சிலந்தி வலை மேல் சிலந்தி வலையாக முழுக்க வெளுத்துப் போய்விட்டது. பின்பக்கம் விரலால் தடவினால் சின்னச் சின்ன மேடு தெரியும், அவ்வளவுதான். இன்றுவரை ஒரு துண்டு பிரிந்து விழவில்லை.

இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிவிபி என்ற பிளாஸ்டிக் தாளை வைத்துச் சூட்டிலும் அழுத்தத்திலும் ஒட்டுவதுதான் இது. 1903-இல் பெனடிக்டஸ் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் அலமாரியிலிருந்து விழுந்த குடுவை உடைந்தும் சிதறாமல் இருந்ததைப் பார்த்துக் கண்டுபிடித்ததாகச் சொல்வார்கள். உள்ளே காய்ந்து போயிருந்த செல்லுலோஸ் பூச்சு துண்டுகளைப் பிடித்து வைத்திருந்ததாம்.

பிவிபி தாள் 0.38 மிமீ மடங்குகளில் வரும். கடையில் 6.38 என்று கேட்டால் மூன்றும் மூன்றும் நடுவில் ஒரு தாளும். திருடனுக்கு அதுவே பரவாயில்லை. வெடிப்புக்கு நாலு தாள், அதாவது 1.52 மிமீ, இருக்க வேண்டும் என்பது இந்தத் துறையில் பழகிய அளவு. கண்ணாடி விரிந்ததும் அந்தத் தாள் பாய்மரம் மாதிரி உள்பக்கம் உப்பி, இழுபட்டு, விசையை வாங்கிக்கொள்கிறது. தாள் மெல்லியதாக இருந்தால் உப்பும்போதே கிழியும்.

"அப்போ டெம்பர்ட்லயே லேமினேட்டட் போட்டா டபுள் ஸ்ட்ராங்தானே?" என்று கேட்பார்கள். விற்பவர்களும் அதைத்தான் தள்ளுவார்கள், விலை அதிகம் அல்லவா. உடைந்த பிறகு நடப்பதை நினைத்துப் பாருங்கள். சாதாரணக் கண்ணாடி பெரிய துண்டுகளாக உடைவதால், தாளோடு சேர்ந்து கொஞ்சம் விறைப்பாக நிற்கும். டெம்பர்ட் பொடிப்பொடியாகிவிடுவதால் முழுப் பலகையும் துணியாகத் தொங்கும். வீட்டு ஜன்னலுக்கு நான் சாதாரண லேமினேட்டட்தான் சொல்கிறேன். உயரமான மாடியில் காற்றுக்காக டெம்பர்ட் தேவைப்படும் இடம் வேறு, அதைப் பொறியாளர் முடிவு செய்யட்டும்.

எடை கூடும். கண்ணாடிக்குச் சதுர மீட்டருக்கு, மிமீ ஒன்றுக்கு 2.5 கிலோ. 5 மிமீ கண்ணாடி போட்ட 1.2 மீட்டர் ஜன்னல் 18 கிலோ. அதையே நாலும் நாலுமான லேமினேட்டடாக மாற்றினால் 30 கிலோ தாண்டும். பழைய ஸ்லைடிங் சட்டத்தின் உருளை ஆறு மாதத்தில் தேய்ந்து, ஜன்னலைத் திறக்க இரண்டு கை வேண்டியிருக்கும். ஆகவே சட்டமும் மாற்ற வேண்டும், செலவு ஏறுவது அங்கேதான். நம் ஊர் மழைக்கு, ஓரத்தில் தண்ணீர் தேங்கினால் தாள் வெளுத்துப் பிரியும். புளிப்பு வாடை அடிக்கும் மலிவு சிலிக்கான் பிவிபி ஓரத்தைக் கெடுக்கும், நியூட்ரல் ரகம் கேளுங்கள்.

மற்ற நாட்களில் பலன் தருவது இதுதான். வெயிலின் புற ஊதாக் கதிரை ஏறக்குறைய முழுக்கத் தடுக்கும், சோபா வெளுக்காது. எல்ஆர்டி ரயில் தண்டவாளத்தை ஒட்டிய வீடுகளில் சத்தம் குறைவதை முதல் ராத்திரியே சொல்வார்கள்.

4. பாலிகார்பனேட்

இது கண்ணாடி இல்லை, பிளாஸ்டிக். சுத்தியலால் அடித்தால் சுத்தியல்தான் திரும்பி வரும். வாசல் அவ்னிங்கில் போடும் உள்ளீடற்ற பலகையைச் சொல்லவில்லை, கெட்டிப் பலகையைச் சொல்கிறேன். சூட்டில் கண்ணாடியைவிட ஏழெட்டு மடங்கு விரியும். காலைக்கும் நடுமதியத்துக்கும் 30 டிகிரி வித்தியாசம் வந்தால் 1.2 மீட்டர் பலகை இரண்டரை மிமீ நீளும். இறுக்கிப் பொருத்தினால் நெளியும், தளர்த்தினால் விசையில் சட்டத்திலிருந்து கழன்று முழுசாக வரும். கீறல் விழும், வெயிலில் மஞ்சளாகும், தீயில் எரியும். பட்டறை, ஜெனரேட்டர் அறை, இயந்திரத் தடுப்பு, அங்கெல்லாம் சரி. வீட்டு ஹாலுக்கு வேண்டாம்.

| | உடைந்த பின் | சட்டம் | பின்னால் வரும் செலவு | ஏற்ற இடம் |
|---|---|---|---|---|
| பிலிம் | துண்டு ஒட்டியே இருக்கும், ஓரம் கட்டாவிட்டால் போர்வையாக வரும் | பழையதே போதும், சிலிக்கான் தேவை | சுமார் 10 வருடத்தில் உரித்து ஒட்டுவது | வாடகை வீடு, பெரிய ஜன்னல்கள், அவசரத் தேவை |
| டெம்பர்ட் | எளிதில் உடையாது, உடைந்தால் சிதறும் | பழையது போதும் | தானாக உடைந்தால் முழு மாற்று | குளியலறை, கதவு |
| லேமினேட்டட் | விரிந்து, உப்பி, அங்கேயே நிற்கும் | ஆழமான புதுச் சட்டம் | ஓரம் பிரிவது, உருளை தேய்வது | எப்படியும் ஜன்னல் மாற்றப்போகும் வீடு, கடை முகப்பு |
| பாலிகார்பனேட் | உடையாது, கழன்று வரலாம் | ஆழமான பள்ளம் | கீறல், மஞ்சள் | பட்டறை |

நாலு ஸ்க்ரூ

தாமான் வீடுகளின் அலுமினியச் சட்டத்தைக் கழற்றிப் பார்த்தால் சிரிப்பு வரும். பக்கத்துக்கு இரண்டு ஸ்க்ரூ, அதில் ஒன்று சிமெண்டுப் பூச்சை மட்டும் பிடித்திருக்கும். கண்ணாடி சட்டத்துக்குள் ஒரு சென்டிமீட்டர்கூட நுழைந்திருக்காது. வெடிப்புக்கென்று செய்யும் லேமினேட்டட் ஜன்னலில் அது 25, 30 மிமீ உள்ளே போகும், சிலிக்கானும் சேர்த்து. விலை உயர்ந்த கண்ணாடியை மலிவுச் சட்டத்தில் மாட்டினால், முப்பது கிலோவும் சட்டமும் ஒன்றாகப் படுக்கைக்கு வரும். வேலை படித்தவர்கள் பலவீனத்துக்கே வரிசை வைப்பார்கள்: முதலில் கண்ணாடி விரியட்டும், சட்டம் அதற்குப் பிறகு, சுவர் கடைசியில்.

சான்றிதழைப் படிக்கும்போதும் இதே கதை. வெடிப்பைத் தாங்கும் கண்ணாடிக்கான ஐஎஸ்ஓ 16933 போன்ற சோதனையில் தேறியது குறிப்பிட்ட கண்ணாடி, குறிப்பிட்ட பிலிம், குறிப்பிட்ட சட்டம் மூன்றும் சேர்ந்த ஒரு கூட்டணி. எஃகுச் சட்டத்தில் தேறிய பிலிம் உங்கள் ஸ்லைடிங் ஜன்னலில் தேறியதாக அர்த்தமில்லை.

அடுப்படியில் எல்லாம் தலைகீழ்

இதை யாரும் கேட்பதில்லை, ஆனால் நம் வீடுகளில் அதிகம் நடக்கக்கூடியது இதுதான். 14 கிலோ கேஸ் தோம்பு (சிலிண்டர்) கசிந்தால், உள்ளே இருக்கும் எல்பிஜி வாயு காற்றைவிடக் கனம் என்பதால் தரையோடு தேங்கும். காற்றில் இரண்டு சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். அப்போது வெடிப்பு உள்ளே. உள்ளே ஏறும் அழுத்தத்துக்கு முதலில் வழிவிடுவது ஜன்னல்தான். அதை உடையாத கண்ணாடியால் அடைத்துவிட்டால் அழுத்தம் சுவரைத் தேடும்.

1968 மே 16 அன்று லண்டனில் ரோனன் பாயிண்ட் என்ற 22 மாடிக் கட்டடத்தின் 18-ஆவது மாடியில் ஒரு பெண்மணி தேநீருக்கு அடுப்புப் பற்றவைத்தார். கசிந்திருந்த வாயு வெடித்துச் சுமை தாங்கும் சுவரையே வெளியே தள்ளியது, அதன் மேலும் கீழும் அந்த மூலை முழுக்கச் சரிந்தது. நால்வர் இறந்தார்கள். அடுப்பு பற்றவைத்தவர் பிழைத்துக்கொண்டார். அங்கே சுவர்ப் பலகைகளின் இணைப்பே பலவீனம், நம் தெராஸ் வீடு வேறு மாதிரி. ஆனாலும் அடுப்படி ஜன்னலைத் திறந்து மூடும்படி சாதாரணமாகவே விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்கிறேன். லேமினேட்டடுக்குப் பதிலாகக் கேஸ் குழாயும் ரெகுலேட்டரும் புதிதாக வாங்குங்கள்.

வெளியேறும் வழியையும் இங்கேயே சொல்லிவிடலாம். லேமினேட்டடையும் தடித்த பிலிமையும் நாற்காலியால் உடைத்து வெளியேற முடியாது, பொம்பா (தீயணைப்பு) வீரர்களுக்கே நேரம் எடுக்கும். மேலே கிரில்லும் பூட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம். ஒவ்வொரு படுக்கையறையிலும் திறக்கக்கூடிய ஒரு ஜன்னல், கிரில்லில் உள்ளிருந்து திறக்கும் கதவு, சாவி கைக்கெட்டும் ஆணியில். இதற்குச் சம்மதிக்காத வீட்டில் நான் வேலை எடுப்பதில்லை.

யாருக்கு எது

பிரிக்பீல்ட்ஸ் மாதிரி இடத்தில் சாலையைப் பார்த்த கடை என்றால் லேமினேட்டட். அஞ்சடியில் நடப்பவர் தலையில் கொட்டாது, திருடனுக்கும் சேர்த்து ஆகிவிடும். மாடியில் டியூஷன் வகுப்பு, கோயில் மண்டபம் போலக் கூட்டம் சேரும் இடத்தில் பெரிய ஜன்னல்கள் இருந்தால், இன்றைக்குப் பிலிமும் ஓரச் சிலிக்கானும், சட்டம் மாற்றும் வருடத்தில் லேமினேட்டட். அடுக்ககத்தில் வெளித்தோற்றத்தை மாற்ற நிர்வாகத்தின் அனுமதி வேண்டும் என்பதால், நிறமில்லாத பிலிம்தான் சண்டை இல்லாத வழி. வாடகை வீட்டுக்கும் அதேதான். புதுசாக வீடு கட்டுகிறவர் யோசிக்கவே வேண்டாம், சாலைப் பக்கம் முழுக்க லேமினேட்டட், நல்ல சட்டத்தில்.

சுங்கை பூலோ அக்காவுக்கு ஐந்து ஜன்னல். எல்லாவற்றுக்கும் லேமினேட்டட் எஸ்டிமேட் கேட்டார், கொடுத்தேன், பார்த்துவிட்டுத் தேநீர் கொடுத்தார். முன்னறை இரண்டுக்கும் 200 மைக்ரான் பிலிம், நாலு பக்கமும் சிலிக்கான். பின்பக்க நாக்கோவைக் கழற்றி அங்கே மட்டும் சட்டத்தோடு லேமினேட்டட். அடுப்படியைத் தொடவில்லை. அப்புறம் என் பையன்கள் இருவரும் அவர் மகனும் சேர்ந்து படுக்கையை எதிர்ச்சுவருக்கு நகர்த்தினார்கள். அதற்குக் காசு வாங்கவில்லை. கட்டிலுக்கடியில் ஒரு ஜோடி செருப்பு வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன். ராத்திரியில் கண்ணாடி மேல் நடக்க நேர்ந்தால் வேண்டும்.